மைக்ரோவேவா, ஆயில் பாத்தா, சீல்டு டியூபா, ஃப்ளோவா? செலக்டிவிட்டிக்காகக் கருவி தேடுபவர்களுக்கு

கரிம வேதியியல் ஆராய்ச்சி செய்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. வினை நன்றாக நடக்கிறது, ஆனால் இரண்டு ஐசோமர்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) கலந்து வருகின்றன, சிலிக்கா ஜெல்லில் பிரித்தெடுப்பதற்குள் பாதி போய்விடுகிறது, மைக்ரோவேவில் வைத்தால் வேண்டியது மட்டும் வரும், அதாவது செலக்டிவிட்டி கிடைக்கும் என்று ஒரு பேப்பரில் போட்டிருக்கிறதே, நம்பலாமா? இன்னொருவர் கேட்பது: துறைக்கு ஒரு கருவி வாங்கப் பணம் வந்திருக்கிறது, மைக்ரோவேவ் ரியாக்டர் வாங்குவதா, ஃப்ளோ கருவி (கலவையைச் சூடான குழாய் வழியாக ஓடவிடுவது) வாங்குவதா, இல்லை நல்ல ஹீட்டிங் பிளாக்கும் அழுத்தம் தாங்கும் குழாய்களும் இருந்தாலே போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வினைக்கலவை எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் இருந்தது, அந்த வெப்பநிலைக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்தது, இந்த மூன்றும்தான் எந்த விளைபொருள் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மைக்ரோவேவ் இந்த மூன்றையும் நம் கைக்குள் கொண்டுவரும் நல்ல கருவி. ஆனால் அதே மூன்றையும் வேறு வழியில் கொண்டுவந்தால் பெரும்பாலான வினைகளில் அதே விகிதம்தான் கிடைக்கும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றைத் தனியாகச் சொல்கிறேன், அவைதான் மைக்ரோவேவ் வாங்குவதற்கான வலுவான காரணங்களும்.

மைக்ரோவேவ் உள்ளே என்னதான் நடக்கிறது

லேபில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓடுகின்றன, அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அந்த ஃபோட்டான்களின் ஆற்றலை ஒரு மோலுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1 ஜூல்தான் வரும். ஒரு கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 350 கிலோஜூல் அளவு வேண்டும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் தாமாகவே வைத்திருக்கும் வெப்ப ஆற்றலே 2.5 கிலோஜூல் அளவு. ஆகவே மைக்ரோவேவ் ஒரு பிணைப்பைத் தேடிப் பிடித்து உடைக்கிறது என்பதற்கு இடமே இல்லை. முனைவுள்ள மூலக்கூறுகள் மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தோடு சேர்ந்து திரும்பப் பார்க்கின்றன, அயனிகள் முன்னும் பின்னும் இழுபடுகின்றன, பக்கத்து மூலக்கூறுகளோடு உரசி அந்த ஆற்றல் வெப்பமாகிறது. அவ்வளவுதான்.

பிறகு ஏன் இத்தனை வருடம் சர்ச்சை? 1986இல் கனடாவில் கெடை குழுவும் அமெரிக்காவில் ஜிகேர், மஜெட்டிச் குழுவும் தனித்தனியாக, வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் கரிம வினைகளைச் செய்து காட்டினார்கள். மணிக்கணக்கில் போன வினை நிமிடங்களில் முடிந்தது. அந்த வேகத்தைப் பார்த்தவர்கள் வெப்பத்துக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைத்தது இயல்புதான், ஏனென்றால் அடுப்புக்குள் உண்மையான வெப்பநிலையை அளக்க அன்று நல்ல வழி இல்லை. தொண்ணூறுகளில் அது செலக்டிவிட்டிக்கும் பரவியது. 1,2,4-ட்ரையசோலை ஆல்கைலேற்றம் செய்யும்போது சாதாரணச் சூட்டில் நைட்ரஜன்-1, நைட்ரஜன்-4, இரண்டிலும் சேர்ந்தது என்று கலவையாக வருகிறது, மைக்ரோவேவில் நைட்ரஜன்-1 மட்டும் வருகிறது என்ற முடிவு அப்போது பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் கப்பே குழு 2008இல் இதையும் இன்னும் மூன்று வினைகளையும் திரும்பச் செய்தது. கலவைக்குள்ளேயே ஃபைபர் ஆப்டிக் முனைகளை ஒன்றுக்கு மேல் இறக்கி, காந்தக் கலக்கியை ஒழுங்காகச் சுழலவிட்டு, ஆயில் பாத்திலும் (சூடான எண்ணெய்த் தொட்டி) மைக்ரோவேவிலும் ஒரே உள்வெப்பநிலையில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் காணாமல் போனது. முன்பு வந்த வித்தியாசம் சரியாகக் கலக்காததாலும், வெளியிலிருந்து அளக்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சார் தவறாகக் காட்டியதாலும் வந்தது. அடுத்த வருடம் அதே குழு சிலிக்கான் கார்பைடில் குப்பி செய்தது. அந்தப் பொருள் மைக்ரோவேவை ஏறக்குறைய முழுக்கத் தானே உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே இருக்கும் கலவைக்கு வெப்பம்தான் போகும், புலம் அநேகமாகப் போகாது. கண்ணாடிக் குப்பியிலும் இந்தக் குப்பியிலும் ஒரே வெப்பநிலை வரைபடத்தில் பல வகை வினைகளை ஓட்டினார்கள், முடிவுகள் ஒன்றாகவே வந்தன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் ஒரே கருவி, ஒரே சூடேறும் வேகம், ஒரே கலக்கல், மாறுவது புலம் மட்டும்.

எதை வைத்து எடை போடுவது

கருவி விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வினையைப் பாருங்கள். முதல் அளவுகோல், உங்களுக்கு இருப்பது எந்த மாதிரியான செலக்டிவிட்டிப் பிரச்சினை என்பது. இது தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே வினைபடுபொருளிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்து போகின்றன, இரண்டும் திரும்பி வராதவை, கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) வேறு வேறு என்று வையுங்கள். ஒன்றுக்கு 80, மற்றதற்கு 110 கிலோஜூல். 80 டிகிரி செல்சியஸிலிருந்து 160 டிகிரிக்குப் போனால் அதிகக் கிளர்வு ஆற்றல் கேட்கும் வழியின் பங்கு, மற்றதோடு ஒப்பிட, ஆறரை மடங்குக்கு மேல் உயரும். இது அர்ரீனியஸ் சமன்பாட்டில் யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. உங்களுக்கு வேண்டியது அந்த 110 கிலோஜூல் வழியில் வருவதாக இருந்தால் சூடு அதிகம் வேண்டும், அதோடு அந்தச் சூட்டுக்கு வேகமாகவும் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் மெதுவாக ஏறும்போது 80, 100, 120 டிகிரிகளில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் வேண்டாத வழி வினைபடுபொருளைத் தின்றுவிடும். சூடேறும் வேகம் செலக்டிவிட்டியை மாற்றுகிறது என்று சொல்வதன் பொருள் இதுதான். வேண்டியது 80 கிலோஜூல் வழியில் வருவதாக இருந்தால் எல்லாம் தலைகீழ், சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள், மைக்ரோவேவ் உங்களுக்குக் கெடுதலே செய்யும்.

இரண்டாவது வகை மீள்வினை. நாஃப்தலீன் சல்ஃபோனேற்றம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: 80 டிகிரியில் சீக்கிரம் உருவாகும் 1-சல்ஃபோனிக் அமிலம் மேலோங்கும், 160 டிகிரியில் அது திரும்பிப் போய், நிலைத்தன்மை அதிகமுள்ள 2-சல்ஃபோனிக் அமிலம் மேலோங்கும். 1993இல் பிரான்சில் ஸ்டூயெர்கா குழு இதே வினையை மைக்ரோவேவில் எடுத்துக்கொண்டு, சூடேற்றும் வேகத்தை மாற்றினாலே இரண்டு ஐசோமர்களின் விகிதத்தை நகர்த்த முடியும் என்று காட்டியது. அவர்கள் அதை வினைவேகச் சமன்பாடுகளை வைத்தே விளக்கினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம், சூடேறும் வேகமும் வினைவேகமும் ஒரே அளவில் இருக்கும்போது எந்த ஐசோமர் என்பது அந்தப் போட்டியில் முடிவாகிறது. பீட்டா லாக்டம் தயாரிப்பில் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் அஜய் போஸ் குழு சிஸ், டிரான்ஸ் விகிதத்தைச் சூட்டின் தீவிரத்தால் மாற்றியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம், தீவிரம் கூடினால் டிரான்ஸ் பக்கம் சாய்ந்தது.

மூன்றாவது, தொடர்வினை. வேண்டிய பொருள் உருவான பிறகு அதுவே அடுத்ததாக மாறிவிடும், அல்லது சிதைந்துபோகும். இங்கே எவ்வளவு சீக்கிரம் சூடாகிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

நான்காவது, ஸ்டீரியோ செலக்டிவிட்டி. இதில் பலர் ஏமாறுகிறார்கள். 25 டிகிரியில் 95 சதவீத இ.இ. (ஒரு கண்ணாடி பிம்ப வடிவம் மற்றதைவிட எவ்வளவு அதிகம் என்ற அளவு) தரும் ஒரு வினையில் இரண்டு ட்ரான்சிஷன் ஸ்டேட்டுகளின் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 9 கிலோஜூல். அந்த வித்தியாசம் வெப்பநிலையோடு மாறாது என்று வைத்துக்கொண்டால், 120 டிகிரியில் அதே வினை 88 சதவீத அளவுதான் தரும். சூடாக்கும் வழி எதுவானாலும் இது விழும். புரோலின் வினையூக்கியோடு செய்யும் மானிக் வினைகளை கிராட்ஸ் குழு 2007இல் சோதித்தபோது மைக்ரோவேவுக்கும் ஆயில் பாத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலவைக்கு உள்ளே வெப்பநிலையை நம்பி அளக்க முடிகிறதா, கரைப்பான் எது, கலவை ஒரே நிலைமமா (ஃபேஸ்) அல்லது திண்மமும் திரவமும் கலந்ததா, ஒரு தடவைக்கு எவ்வளவு பொருள் வேண்டும், கருவி வாங்கிய பிறகு வருடா வருடம் எவ்வளவு செலவு.

ஆயில் பாத்தும் ரிஃப்ளக்ஸும்

இதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். ரிஃப்ளக்ஸில் (கரைப்பானைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப விழவைப்பது) வெப்பநிலையைக் கரைப்பானே பிடித்து நிறுத்துகிறது, எந்த சென்சாரும் வேண்டாம், எத்தனாலில் கொதித்தால் 78 டிகிரி, அதற்கு மேல் போகாது. குறைந்த கிளர்வு ஆற்றல் வழி வேண்டும் என்பவர்களுக்கும், இ.இ. காக்க வேண்டியவர்களுக்கும், நடுவில் சொட்டுச் சொட்டாக வினைபொருள் சேர்க்க வேண்டியவர்களுக்கும் இதைவிட நல்லது கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை டி.எல்.சி. (மெல்லடுக்கு வண்ணப்பிரிகை) போட்டுப் பார்த்து, போதும் என்ற இடத்தில் நிறுத்தலாம், மூடிய குழாயிலோ மைக்ரோவேவ் குப்பியிலோ இந்த வசதி இல்லை.

மறைமுகச் செலவு சுவரில் இருக்கிறது. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போவதால் ஃபிளாஸ்கின் சுவர் எப்போதும் கலவையைவிடச் சூடு. சூடு தாங்காத பல்லேடியம் போன்ற வினையூக்கிகள் அந்தச் சுவரில் சிதைந்து கருப்பாகப் படியலாம், தொடர்வினைகளில் வேண்டாதது அங்கே உருவாகலாம். பெரிய ஃபிளாஸ்க் என்றால் சூடேறவும் ஆறவும் நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்க வினை நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பாத்தின் எண்ணெயில் வெப்பமானியை வைத்துவிட்டு அதையே வினை வெப்பநிலை என்று எழுதுவதும் நடக்கிறது, மூடிய பாத்திரம் என்றால் அந்த இரண்டுக்கும் பத்து டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்க முடியும்.

சீல்டு டியூபும் ஹீட்டிங் பிளாக்கும்

மைக்ரோவேவுக்கு உண்மையான போட்டி ஆயில் பாத் ரிஃப்ளக்ஸ் இல்லை, இதுதான். மைக்ரோவேவ் தந்ததாகச் சொல்லப்படும் பல அதிசயங்களில், ஒரு பக்கம் 160 டிகிரியில் மூடிய குப்பி, மறுபக்கம் 80 டிகிரியில் திறந்த ரிஃப்ளக்ஸ் என்றுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள். பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு வேகம் என்ற சாதாரணக் கணக்கிலேயே 80 டிகிரியில் எட்டு மணி நேரம் போகும் வினை 160இல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அழுத்தம் தாங்கும் குழாயை முன்கூட்டியே சூடாக்கிய பிளாக்கில் இறக்கினாலும் அதே 160 டிகிரி கிடைக்கும். அன்டன் பார் நிறுவனமே மைக்ரோவேவ் இல்லாமல் வெறும் கடத்தலால் சூடாக்கும் மோனோவேவ் 50 என்ற கருவியை விற்கிறது, 250 டிகிரி, 20 பார் வரை போகும். மைக்ரோவேவ் ரியாக்டர் செய்யும் நிறுவனமே இப்படி ஒன்றைக் கொண்டுவந்ததைக் கருவி வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

இது தோற்கும் இடம் சூடேறும் வேகம். தடித்த கண்ணாடி வழியாக வெப்பம் உள்ளே போக சில நிமிடங்கள் ஆகும், மைக்ரோவேவில் எத்தனால் ஒரு நிமிடத்துக்குள் 160 டிகிரிக்குப் போய்விடும். உங்கள் வினை அந்த வெப்பநிலையில் அரை மணி எடுக்கும் என்றால் இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. வினையே ஒரு நிமிடத்தில் முடிகிறது, நடுவழியில் வேண்டாத வழி ஒன்றும் இருக்கிறது என்றால் இது எல்லாமே.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 160 டிகிரியில் எத்தனாலின் ஆவியழுத்தம் மட்டும் 12 பார் அளவு, வினையில் வாயு வெளிவந்தால் அதற்கு மேல். ஒழுங்கான மைக்ரோவேவ் கருவியில் அழுத்த சென்சாரும், வெடித்தாலும் உள்ளேயே அடக்கும் அறையும் இருக்கும். சாதாரணக் குழாயில் இவை எதுவும் கிடையாது. கீறல் விழுந்த குழாயைத் தூக்கி எறியுங்கள், பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பாதுகாப்புத் தடுப்பு இல்லாமல் சூடேற்றாதீர்கள். அசைடு, நைட்ரோ சேர்மங்கள் போன்றவற்றை மூடிய குழாயில் வைப்பதற்கு முன் உங்கள் கைடிடம் பேசாமல் இறங்கவே கூடாது.

மைக்ரோவேவ் ரியாக்டர்

நல்லதை முதலில் சொல்கிறேன். வேகமாகச் சூடேறுகிறது, அழுத்தக் காற்று அடித்து வேகமாக ஆறுகிறது, வெப்பநிலை, அழுத்தம், பவர் மூன்றும் பதிவாகின்றன. முதல் வகைப் பிரச்சினைக்கும் மூன்றாவது வகைப் பிரச்சினைக்கும் இது நேராகவே உதவும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வெப்பநிலை–நேரச் சேர்க்கைகளைப் பார்த்துவிடலாம், ஆயில் பாத்தில் அதற்கு ஒரு வாரம் போகும். செலக்டிவிட்டியைத் தேடுபவருக்கு இதுவே மைக்ரோவேவின் மிகப் பெரிய பயன் என்பது என் கருத்து. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க இது உதவும், கண்டுபிடித்த பிறகு வேறு கருவிக்குப் போய்விடலாம்.

அப்புறம், மைக்ரோவேவால் மட்டும் முடியும் என்று சொல்லத்தக்க இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் கலவையின் ஒரு பகுதியை மட்டும் சூடாக்குவது. கரைப்பான்கள் எல்லாம் மைக்ரோவேவை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. மைக்ரோவேவை வெப்பமாக்கும் திறனைக் காட்டும் டான் டெல்டா என்ற அளவை எடுத்துக்கொண்டால் எத்திலீன் கிளைக்காலுக்கு 1.35, எத்தனாலுக்கு 0.94, டி.எம்.எஸ்.ஓ.வுக்கு 0.83, தண்ணீருக்கு 0.12, டொலுயீனுக்கு 0.04, ஹெக்சேனுக்கு 0.02. எனவே இரண்டு நிலைமங்கள் சேர்ந்து இருந்தால் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் இருக்க முடியும். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆராய்ச்சி அமைப்பில் ஸ்ட்ராஸ் குழு 1995இல் ஹாஃப்மன் நீக்க வினையைத் தண்ணீர்–குளோரோஃபார்ம் கலவையில் செய்தது. தண்ணீர் அடுக்கு நூறு டிகிரியைத் தாண்டியது, குளோரோஃபார்ம் அடுக்கு சுமார் 50 டிகிரியில்தான் இருந்தது. சூடான தண்ணீரில் உருவான விளைபொருள் உடனே குளிர்ந்த குளோரோஃபார்முக்குள் போய்ச் சிதையாமல் தப்பித்தது. எந்த ஆயில் பாத்தாலும் இதைச் செய்ய முடியாது. தொடர்வினைப் பிரச்சினை உள்ளவர்கள், விளைபொருள் முனைவற்ற கரைப்பானில் கரையும் என்றால், இதை முயன்று பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன், இவ்வளவு அழகான யோசனையைப் பயன்படுத்துபவர்கள் குறைவாக இருப்பது வருத்தமாக இருக்கிறது.

திண்ம வினையூக்கியிலும் இதே இயல்பு வேலை செய்கிறது, ஆனால் எப்போதும் நல்லதாக இல்லை. டொலுயீன் போன்ற கரைப்பானில் கரித்தூள் மேல் ஏற்றிய பல்லேடியத்தை வைத்தால் கரி மட்டும் கடுமையாகச் சூடாகிப் பொறி பறக்கும் இடங்கள் உருவாகும். ஜப்பானில் ஹோரிகோஷி குழு சுசுகி–மியாவ்ரா இணைப்பில் (பல்லேடியத்தை வைத்து இரண்டு கார்பன்களைச் சேர்க்கும் வினை) இதைப் படம்பிடித்துக் காட்டியது. அந்தச் சூட்டுப் புள்ளிகள் வினைக்குத் தீங்காகவே இருந்தன, மின்புலத்தைத் தவிர்த்துக் காந்தப்புலம் அதிகமுள்ள இடத்தில் வைத்தபோது விளைச்சல் கூடியது. கரைந்திருக்கும் தனி மூலக்கூறுகளையே கரைப்பானைவிடச் சூடாக்க முடியுமா என்பதில் அப்போது அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த டட்லி, ஸ்டீக்மன் குழு ஆம் என்றது, கப்பே குழு அதை மறுத்து எழுதியது. இந்த வாதத்தை நம்பிக் கருவி வாங்காதீர்கள், கண்ணுக்குத் தெரியும் இரண்டு நிலைமங்கள் இருந்தால் வாங்குங்கள்.

இனி மறைமுகச் செலவுகள். முதலாவதும் பெரியதும் வெப்பநிலை அளவீடு. பெரும்பாலான கருவிகளில் ஐ.ஆர். சென்சார் குப்பியின் வெளிச்சுவரைத்தான் பார்க்கிறது. மைக்ரோவேவில் உள்ளே சூடு, சுவர் குளிர்ச்சி, ஆகவே காட்டும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம். வெளியே காற்றடித்து ஆறவைத்துக்கொண்டே பவரை ஏற்றும் முறை ஒன்று உண்டு, அதில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், திரையில் 60 என்று தெரியும்போது உள்ளே வினை அதைவிட வெகு மேலே நடந்துகொண்டிருக்கும். அப்படி வந்த விகிதத்தை 60 டிகிரியில் மைக்ரோவேவ் தந்த செலக்டிவிட்டி என்று எழுதினால் அடுத்தவர் யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ஃபைபர் ஆப்டிக் முனை வாங்குங்கள், அது சீக்கிரம் உடையும், தனி விலை, ஆனால் செலக்டிவிட்டிக்காக வாங்குகிறோம் என்றால் அது இல்லாமல் கருவியே வீண்.

அடுத்தது, டொலுயீன், ஹெக்சேன், டையாக்சேன் போன்றவை சூடாக மறுக்கும். அயனித் திரவம் கொஞ்சம் சேர்த்தால் சூடாகும் என்பார்கள், அந்த அயனித் திரவமே உங்கள் வினையில் பங்கெடுத்து விகிதத்தை மாற்றிவிடலாம். சிலிக்கான் கார்பைடு துண்டு போடுவது பாதுகாப்பான வழி. கலக்காமல் திறந்த பாத்திரத்தில் ஓட்டினால் அசிட்டோநைட்ரைல் போன்றவை கொதிநிலையை இருபது டிகிரிக்கு மேல் தாண்டும், ஆகவே மைக்ரோவேவில் ரிஃப்ளக்ஸ் என்று எழுதியிருப்பதைக் கொதிநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குப்பிகள் பெரும்பாலும் 0.2 முதல் 20 மில்லிலிட்டர் வரைதான், அலை சில சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவாது என்பதால் பெரிய பாத்திரத்துக்குப் போனால் செலக்டிவிட்டி மாற வாய்ப்புண்டு. மூடிகளும் செப்டமும் தீர்ந்துகொண்டே இருக்கும், மேக்னட்ரான் (அலையை உண்டாக்கும் பாகம்) பழுதானால் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் பல லட்சம் கொடுத்து வாங்கிய கருவி ஒரு உதிரிபாகத்துக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடப்பது புதிதில்லை.

வேறொரு எச்சரிக்கை, இது வினையூக்கி சம்பந்தப்பட்டது. 2003இல் லெட்பீட்டர் குழு மைக்ரோவேவில் உலோகமே இல்லாமல் சுசுகி வகை இணைப்பு நடப்பதாக வெளியிட்டது. 2005இல் அவர்களே மறுபடி ஆராய்ந்து, பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் 50 பி.பி.பி. (நூறு கோடியில் 50 பங்கு) அளவுக்கு இருந்த பல்லேடியமே காரணமாக இருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அதிக வெப்பநிலையில் இவ்வளவு சிறிய அழுக்கும் வேலை செய்யும். மைக்ரோவேவில் புதிய செலக்டிவிட்டி வந்தால் முதலில் உப்பையும் கலக்கிக் காந்தத்தையும் மாற்றிப் பாருங்கள்.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். பவர் விட்டு விட்டு வரும், கலக்க முடியாது, வெப்பநிலை தெரியாது, தீப்பற்றும் கரைப்பானுக்கு அது தயாரிக்கப்படவில்லை.

ஃப்ளோ

சூடான மெல்லிய எஃகுச் சுருளுக்குள் கலவையைப் பம்ப் செய்து, மறுமுனையில் குளிரவைத்து, அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு வழியாக வெளியே எடுப்பது. சூடேறுவதும் ஆறுவதும் நொடிக்கணக்கில் நடக்கும், மைக்ரோவேவைவிடவும் வேகம். 300 டிகிரிக்கு மேலும் 100 பாருக்கு மேலும் போகும் கருவிகள் இருக்கின்றன. கரைப்பான் உறிஞ்சுமா என்ற கவலையே இல்லை.

கிராட்ஸ் குழு இதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்று ஆர்த்தோ-ஃபீனிலீன்டையமீனையும் அசிட்டிக் அமிலத்தையும் வைத்துக் காட்டியது. 2-மெத்தில்பென்சிமிடசோல் உருவாக 25 டிகிரியில் ஒன்பது வாரம், 100இல் ஐந்து மணி, 130இல் ஒரு மணி, 160இல் பத்து நிமிடம், 200இல் மூன்று நிமிடம், 270இல் ஒரு நொடி அளவு. மைக்ரோவேவில் சிறிய அளவில் வெப்பநிலையைக் கண்டுபிடித்து, அதையே ஃப்ளோவுக்கு மாற்றுவது என்ற பாதை இப்படித்தான் வழக்கமானது.

அளவைப் பாருங்கள். 10 மில்லிலிட்டர் சுருளில் நிமிடத்துக்கு 2.5 மில்லிலிட்டர் போனால் நான்கு நிமிடம் சூட்டில் இருக்கும், 0.5 மோலார் கரைசல் என்றால் மணிக்கு 75 மில்லிமோல். ஐந்து மில்லிலிட்டர் நிரப்பிய மைக்ரோவேவ் குப்பியில் ஒரு தடவைக்கு 2.5 மில்லிமோல்தான்.

இதன் தொல்லை திண்மம். வீழ்படிவு வந்தால் சுருள் அடைத்துவிடும், அதைச் சுத்தம் செய்வதில் நாள் போய்விடும். கலவையின் எல்லாப் பகுதியும் ஒரே அளவு நேரம் உள்ளே இருப்பதில்லை, சுவரை ஒட்டிப் போவது மெதுவாகப் போகும், கூர்மையான தொடர்வினைகளில் இது விகிதத்தைக் கெடுக்கும். எஃகுச் சுவரும் சில வினைகளில் வினையூக்கியாகிவிடும். நாளுக்கு ஒரு புது வினை பார்க்கும் முனைவர் பட்ட மாணவருக்கு இது ஒத்துவராது, ஒரே வினையைப் பத்து கிராம், நூறு கிராம் என்று எடுக்க வேண்டியவருக்கு ஒத்துவரும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆயில் பாத் ரிஃப்ளக்ஸ் | சீல்டு டியூப் | மைக்ரோவேவ் | ஃப்ளோ |
|---|---|---|---|---|
| சூடேறும் வேகம் | மெதுவு | சில நிமிடம் | ஒரு நிமிட அளவு | நொடிகள் |
| நிறுத்தும் வேகம் | மெதுவு | மெதுவு | ஓரிரு நிமிடம் | நொடிகள் |
| உள்வெப்பநிலை நம்பிக்கை | ரிஃப்ளக்ஸில் அதிகம் | முனை இறக்கினால் நன்று | ஐ.ஆர். மட்டும் என்றால் குறைவு | நன்று |
| முனைவற்ற கரைப்பான் | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | சிலிக்கான் கார்பைடு துண்டு வேண்டும் | பிரச்சினை இல்லை |
| ஒரு நிலைமத்தை மட்டும் சூடாக்குவது | முடியாது | முடியாது | முடியும் | முடியாது |
| திண்மம் உள்ள கலவை | நன்று | நன்று | கவனம் தேவை | அடைத்துக்கொள்ளும் |
| நடுவில் மாதிரி எடுப்பது | எளிது | கடினம் | கடினம் | எளிது |
| அளவை ஏற்றுவது | எளிது | ஆபத்து கூடும் | கடினம் | எளிது |
| தொடர்ச்சியான செலவு | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |

உங்கள் நிலைமைக்கு எது

இ.இ. அல்லது குறைந்த வெப்பநிலை ஐசோமர் முக்கியம் என்றால் ஆயில் பாத், இன்னும் சொன்னால் ஐஸ் பாத். நேரம் ஆகட்டும்.

சமநிலை ஐசோமர் வேண்டும், அரை மணியானாலும் பரவாயில்லை என்றால் சீல்டு டியூப் போதும். நாஃப்தலீன் மாதிரியான வினைக்கு மைக்ரோவேவில் பணம் போடுவதற்கு நியாயமே இல்லை.

அதிகக் கிளர்வு ஆற்றல் வழி வேண்டும், நடுவழியில் போட்டி இருக்கிறது, அல்லது விளைபொருள் சூட்டில் நிற்காது என்றால் மைக்ரோவேவ் அல்லது ஃப்ளோ. புதிது புதிதாகப் பல வினைகள் பார்ப்பவர் மைக்ரோவேவுக்கும், ஒன்றையே பெரிதாக எடுப்பவர் ஃப்ளோவுக்கும் போகலாம். இரண்டு நிலைமக் கலவையில் விளைபொருளைக் குளிர்ந்த அடுக்கில் காப்பாற்ற வேண்டும் என்றால் மைக்ரோவேவ் மட்டும்தான்.

பெப்டைடு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. திண்மத் தாங்கியில் இணைப்பதை மைக்ரோவேவ் மிகவும் வேகப்படுத்தும் என்பது உண்மை, ஆனால் சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் அதிகச் சூட்டில் ரசிமேற்றம் அடையும் (கண்ணாடி பிம்ப வடிவம் கலந்துவிடும்), அஸ்பார்ட்டிக் அமிலம் வரும் இடத்தில் அஸ்பார்ட்டிமைடு என்ற வேண்டாத பொருள் உருவாகும். சிஸ்டீன், ஹிஸ்டிடின் இரண்டையும் மட்டும் 50 டிகிரியில் இணைப்பதும், எஃப்மோக் என்ற பாதுகாப்புத் தொகுதியை நீக்க பைப்பெரிடினுக்குப் பதில் பைப்பெரசீன் எடுப்பதும் நடைமுறையில் உள்ள வழிகள். மற்ற இணைப்புகளை எப்போதும்போலச் சூட்டில் செய்துகொள்ளலாம்.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

உங்கள் வினையையே எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் தாங்கும் நான்கைந்து சிறு குழாய்கள், ஒரு ஹீட்டிங் பிளாக், விளைபொருள்களைப் பிரித்து அளக்கும் ஜி.சி. அல்லது ஹெச்.பி.எல்.சி. கருவியில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். மூன்று வெப்பநிலைகளில், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு நேரங்களில் குழாயை எடுத்து ஆறவிட்டு, இரண்டு விளைபொருள்களின் விகிதத்தை அளந்து வரையுங்கள். ஒரே வெப்பநிலையில் நேரம் போகப் போக விகிதம் மாறாமல் இருந்தால் அது இணைவினை (இரண்டு வழிகள் பிரியும் முதல் வகை), எல்லாம் வெப்பநிலையின் கையில். விகிதம் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றால் மீள்வினை. வேண்டியது ஏறிப் பிறகு இறங்கினால் தொடர்வினை, நிறுத்தும் வேகம் வேண்டும்.

அதன் பிறகு, மைக்ரோவேவ் இருக்கும் வேறொரு லேபில் அரை நாள் கேட்டுப் பெற்று, அதே வினையை அதே உள்வெப்பநிலையில், நன்றாகக் கலக்கி ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் ஒரு தடவை கண்ணாடிக் குப்பியிலும் ஒரு தடவை சிலிக்கான் கார்பைடு குப்பியிலும். இரண்டிலும் ஒரே விகிதம், அது உங்கள் பிளாக்கில் வந்ததும் அதேதான் என்றால் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குப்பியிலும் ஒரே விகிதம், ஆனால் பிளாக்கில் வந்ததைவிட நல்லது என்றால் சூடேறும் வேகம் உங்களுக்கு உதவுகிறது, மைக்ரோவேவ், ஃப்ளோ இரண்டுக்கும் விலைப்பட்டியல் கேளுங்கள். கண்ணாடிக் குப்பியில் மட்டும் வித்தியாசம் வந்தால், ஃபைபர் ஆப்டிக் முனையைக் கலவையின் அடியிலும் மேலேயும் வைத்து இன்னொரு தடவை அளந்துவிட்டு, அப்புறம் கைடிடம் போங்கள்.